விட்டுக் கட்டுங்கள்!

கல்யாணம் செய்து பார்ப்பதிலும் வீடு கட்டிப் பார்ப்பதிலும் உள்ள சிரமங்களை நம் பெரியோர் ஒரே மூச்சில் சொல்லி வைத்தார்கள். ஆனால் அவர்கள் அறியாத சிரமம் ஒன்று இக்காலத்தில் சேர்ந்திருக்கிறது. பத்திரம் நம் பெயரில் இருக்கிறது. பட்டாவும் நம் பெயரில் இருக்கிறது. அப்படியிருந்தும், விலை கொடுத்து வாங்கிய மனையில் ஏறக்குறையப் பாதி இடத்தில் சுவர் எழுப்பக் கூடாது என்று சட்டம் குறுக்கே நிற்கிறது. இதைக் கேட்டதும் எவ்வளவு சாதுவான குடும்பத் தலைவருக்கும் கோபம் வந்துவிடும். அந்தக் கோபம் சற்றுத் தணிந்த பிறகு படிப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அகலம் 40 அடி, நீளம் 60 அடி என்று வைத்துக் கொள்வோம். எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது தெருவின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும். கணக்குக்காக முன்புறம் 10 அடியும், மற்ற மூன்று புறங்களிலும் ஐந்தைந்து அடியும் விடுவதாகக் கொள்வோம். 5 அடி என்பது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். மிஞ்சுவது 30 அடி அகலமும் 45 அடி நீளமும், அதாவது 1,350 சதுர அடி.

தரகர் வேறு கணக்குச் சொல்வார். தமிழ்நாட்டில் 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகள், அடுக்கு மாடிக் கோபுரம் அல்லாத சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு 2 என்று நிர்ணயித்தன. மனையின் பரப்பைப் போல இருமடங்கு வரை எல்லாத் தளங்களிலுமாகச் சேர்த்துக் கட்டலாம் என்பது இதன் பொருள். “ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி கட்டலாம், ஸார்!” என்று தரகர் சொல்வது இதை வைத்துத்தான். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அரைக் கணக்கு. நம் உதாரணத்தில் மூன்று தளம் எழுப்பினாலும் 4,050 சதுர அடிக்கு மேல் வராது. கட்டடத்தின் அளவைத் தீர்மானிப்பவை விட வேண்டிய இடமும் உயரமுமே. தளத்தை ஏற்றிக்கொண்டே போகலாம் என்றால், உயரம் கூடும்போது இடைவெளியும் கூட வேண்டும் என்பது விதிகளின் பொதுவான போக்கு.

இடைவெளி எதற்கு என்ற கேள்விக்குப் பம்பாய் நகரத்தின் சரித்திரம் விடை சொல்கிறது. 1896-இல் அங்கே பிளேக் நோய் பரவி மக்களை வாரிக் கொண்டு போயிற்று. வெளிச்சமும் காற்றும் நுழையாத நெருக்கமான குடியிருப்புகளின் அபாயம் அதிகாரிகளின் புத்தியில் அப்போதுதான் உறைத்தது. 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டது. வெளிச்சத்துக்கு அந்த டிரஸ்டு கைக்கொண்ட அளவுகோல் 63½ டிகிரிக் கோணம். ஜாமெட்ரி படித்த பிள்ளைகள் இதை உடனே விடுவித்து விடுவார்கள்: எதிர்ச் சுவரின் உயரத்தில் பாதியளவாவது நடுவே திறந்த வெளி இருக்க வேண்டும். 20 அடி உயரச் சுவருக்கு 10 அடி வெளி.

இந்தப் பத்தடியை யார் தருவது? நாம் ஐந்தடி, அடுத்த வீட்டார் ஐந்தடி. இதுதான் பக்க இடைவெளியின் தர்மம். மாடிப்படிக்காகவோ குளியலறைக்காகவோ ஒருவர் தம் ஐந்தடியை அடைத்துவிட்டால், அவர் திருடுவது சர்க்கார் நிலத்தையல்ல. அண்டை வீட்டுச் சமையலறையின் வெளிச்சத்தைத் திருடுகிறார். தீப்பிடித்தால் ஆள் நுழையவும், மழைநீர் மண்ணில் இறங்கவும் வேண்டிய வழியும் அதனுடன் அடைபட்டுப் போகிறது.

நம் பழைய வீடுகளில் பக்கத்தில் இடம் விட்டார்களா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அக்கிரகாரத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியே நின்றன. ஆனால் அந்த வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்தது. பின்னால் நீண்ட கொல்லை இருந்தது. வெளிச்சமும் காற்றும் அவற்றின் வழியே வந்தன. இன்றைய விதி தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் பங்களாவை மனத்தில் வைத்து எழுந்தது. வெளியை வீட்டுக்கு உள்ளே வைக்காமல் வெளியே வைத்தது. சென்னையில் ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி போன்ற பழைய பேட்டைகளைத் தொடர் கட்டடப் பகுதிகள் என்று வகுத்து, பழைய முறைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒடுங்கிய மனைகளுக்கு முற்றத்து முறையே உகந்தது என்பது நம் அபிப்பிராயம். ஆனால் முற்றத்தையும் மூடி, பக்கத்தையும் மூடுவது எந்தக் காலத்து முறையும் அன்று.

ஒடுங்கிய மனை என்றதும் பாகப்பிரிவினை நினைவுக்கு வருகிறது. தகப்பனார் வைத்துச் சென்ற ஒரு கிரவுண்டை அண்ணனும் தம்பியும் நெடுக்குவாட்டில் பிரித்துக் கொள்கிறார்கள். ஆளுக்கு 20 அடி அகலம். இருபுறமும் ஐந்தடி விட்டால் நிற்பது பத்தடி. இரு பக்கத்து ஒன்பது அங்குலச் சுவர்களும் போக உள்ளே எட்டரை அடி. அது வீடா, ரெயில் வண்டியா? ஒரு தளத்துக்கு 450 சதுர அடிதான் தேறும். குறுக்கே பிரிக்கலாம் என்றால், பின் பாகத்துக்காரருக்கு வழி விட வேண்டும். பத்தடி வழி போனபின் முன் பாகம் 30-க்கு 30 அடி. அதில் இதே இடைவெளிகளை விட்டால் 300 சதுர அடி மிஞ்சும். மனையைப் பிரிக்காமல் சேர்ந்து கட்டி, கீழ்த்தளம் ஒருவருக்கு, மேல்தளம் ஒருவருக்கு என்று எழுதிக் கொண்டால் ஆளுக்கு 1,350 சதுர அடி! இரட்டைத் தளமாகத் தனித்தனியே கட்டினாலும் ஆளுக்கு 900-தான். ஒற்றுமைக்குச் சதுர அடியில் விலை போட்டால் தலைக்கு 450 ஆகிறது.

விதியை மீறிக் கட்டிவிட்டு அபராதம் கட்டிச் சரிசெய்து கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 1998-இல் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து அப்படி ஒரு சலுகை தந்தது உண்மையே. அந்தப் பிரிவு செல்லும் என்று 2000-இல் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, அது ஒரே முறைக்கான ஏற்பாடு என்ற அடிப்படையிலேயே அதை ஏற்றது. அந்த வாசல் தமக்காக மறுபடி திறக்கும் என்று நம்பி அஸ்திவாரம் போடுவது விவேகமன்று.

2024 முதல், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்ட வீடு கட்டுவோர் சுய சான்றின் பேரில் உடனே அனுமதி பெறும் திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. கச்சேரிக்கு நடையாய் நடப்பது இதனால் குறையும். பொறுப்போ முழுவதும் நம் தலையில் ஏறும். விதிப்படி இடம் விட்டேன் என்று கையெழுத்திடுவது மேஸ்திரியல்ல, வீட்டுக்காரர்.

ஆகையால் மனை வாங்குவோர் விலையைப் பேசுமுன் அகலத்தை அளந்து பாருங்கள். சதுர அடி ஒன்றாகவே இருந்தாலும் மிக ஒடுங்கிய மனையில் வீடு சிறிதாகும். பாகம் பிரிப்போர் பத்திர எழுத்தரிடம் போகுமுன் பிளான் போடுபவரிடம் போங்கள். கடப்பாரை மண்ணில் இறங்குமுன், விட வேண்டிய இடத்தைக் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அடுத்த வீட்டாரையும் அழைத்துக் காட்டிவிடுங்கள். கோட்டை நகர்த்த ஒரு நிமிஷம் போதும். சுவர் எழுந்தபின் நகர்த்த வேண்டுமானால் கோர்ட்டுப் படி ஏற வேண்டும்.