அரியணையும் வாக்குச்சீட்டும்

2024 மார்ச் 13. பா.ஜ.க.வின் வேட்பாளர் பட்டியலில் மைசூர்-குடகு தொகுதிக்கு நேராக மைசூர் அரச குடும்பத்தின் யதுவீர் கிருஷ்ணதத்த சாமராஜ உடையாரின் பெயர் இருந்தது. வயது 31. இரண்டு முறை வென்றிருந்த முன்னாள் பத்திரிகையாளர் பிரதாப் சிம்ஹாவுக்கு சீட் இல்லை.

காங்கிரஸ் சும்மா விடவில்லை. முதல்வர் சித்தராமையாவின் சொந்த மாவட்டம். தொகுதிக்குள் வரும் 8 சட்டமன்ற இடங்களில் 5 அக்கட்சியின் கையில். எம். லட்சுமணாவை நிறுத்தி, ‘ராஜாவா, பிரஜையா?’ என்று கேட்டது. ஜூன் 4-ல் பதில் வந்தது: யதுவீர் 1,39,262 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி.

2013 டிசம்பரில் அரச குடும்பத்தின் தலைவர் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் பிள்ளையில்லாமல் மறைந்தார். அவருடைய மனைவி பிரமோதா தேவி, கணவரின் அக்கா காயத்ரி தேவியின் பேரன் யதுவீரைத் தத்தெடுத்தார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் பொருளாதாரமும் படித்த அந்த இளைஞருக்கு 2015 மே 28-ல் பட்டம் கட்டினார்கள். இன்றும் நவராத்திரியில் தங்க அரியணையில் அமர்ந்து தனி தர்பார் நடத்துகிறார். ஆனால் வேட்புமனுவில், தன் பெயரில் வீடு, நிலம், கார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

ராஜ குடும்பம் என்றால் மைசூர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டுவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பழைய முடிவுகளைப் புரட்டினால் அது தப்பு என்று தெரியும். ஸ்ரீகண்டதத்தர் காங்கிரஸில் நின்று 1984, 1989, 1996, 1999 என நான்கு முறை வென்றவர்தான். 1991-ல் பா.ஜ.க.வுக்குப் போனார், முன்னாள் முதல்வர் தேவராஜ் அர்ஸின் மகள் சந்திரபிரபா அர்ஸ் அவரைத் தோற்கடித்தார். 2004-ல் மறுபடியும் தோல்வி. தசராவில் அந்தக் குடும்பத்தைக் கும்பிடும் ஜனம், வாக்குச்சாவடியில் தனியாக யோசிக்கிறது. அந்தத் தெளிவு பெரிய விஷயம்.

பிரதிநிதித்துவம் இந்த ஊருக்குப் புதிதுமல்ல. 1881-லேயே, செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து போன நம்மவர், திவான் ரங்காசார்லு, 144 பேர் கொண்ட பிரஜா பிரதிநிதி சபையை இங்கே கூட்டினார். அன்று வந்தவர்கள் தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள் அல்ல. இருந்தாலும் மன்னராட்சிக்குள் குடிகளின் குரலுக்கு ஓர் இடம் கிடைத்தது.

அரியணையிலிருந்து தேர்தலுக்கு வந்த ஒருவர் ஐரோப்பாவிலும் உண்டு. ஆறு வயதில் பல்கேரியாவின் மன்னரான இரண்டாம் சிமியோன், 1946-ல் முடியாட்சி ஒழிந்ததும் நாட்டைவிட்டுப் போய் ஸ்பெயினில் நெடுங்காலம் வாழ்ந்தார். 2001-ல் தேர்தல் வழியே பிரதமரானார். 2005 தேர்தலில் அதே மக்கள் அவருடைய கட்சியைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

யதுவீருக்கு வந்திருக்கும் சிக்கல் வேறு மாதிரி. பெங்களூர் அரண்மனை நிலம் அவர் குடும்பத்துக்கா, அரசுக்கா என்ற வழக்கு 1996-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நடக்கிறது. சாலையை அகலப்படுத்த அதில் 15 ஏக்கர் 39 குண்டா தேவை. அதற்கு ஈடாக வளர்ச்சி உரிமைச் சான்றிதழ் தரும்படி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் தவிர்க்க 2025 தொடக்கத்தில் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. யதுவீர் அந்தச் சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். குடும்பச் சொத்துக்காக வாதாட அவருக்கு உரிமை உண்டு. ஆனால் எம்.பி. என்ற பதவியின் எடையை அதில் வைக்கக் கூடாது; அந்தப் பதவி தொகுதியுடையது. குடகுக்கு இன்னும் ரயில் வரவில்லை. அங்கே காபித் தோட்டங்களில் யானை வரும் பயத்தோடு கூலியாட்கள் வேலைக்குப் போகிறார்கள். மைசூரின் மண்டகள்ளி விமான நிலைய ஓடுபாதையின் நீட்டிப்பு பல வருடக் கோரிக்கை. இவற்றில் அவர் என்ன செய்தார் என்பதுதான் அடுத்த தேர்தலில் கேட்கப்பட வேண்டும்.

(தொடரும்)