தசமபாகமும் கைப்பிடி அரிசியும்



என் இளமைக் காலத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில், அரிசிப் பானைக்கு அருகே மற்றொரு சிறிய மண்கலயமும் இருந்தது. உலை வைக்கும் வேளைதோறும் என் தாயார் அரிசியை அளந்து எடுத்தபின், அதிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளி அந்தக் கலயத்தில் இடுவார். “இது யாருக்கு அம்மா?” என்று கேட்டால், “கோயிலுக்கு” என்று ஒரே சொல்லில் விடை வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அரிசி ஒரு துணிப்பையில் ஏறி ஆலயத்துக்குச் செல்லும். அந்த ஒரு பிடி அரிசிக்குப் பின்னால் நெடியதொரு வரலாறு உண்டென்பதை, நான் ஆசிரியப் பயிற்சி முடித்து நூல்களைப் புரட்டத் தொடங்கிய பின்னரே அறிந்தேன். அந்த வரலாற்றைத்தான் இன்று மாணவ மாணவியராகிய உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

பொதுப்பணிக்கென வருவாயில் ஒரு பங்கை ஒதுக்குவது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இசுலாமியர் ஸகாத் என்ற பெயரால், தம் சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்கு உரியதெனக் கொடுக்கின்றனர். தென்பாண்டி நாட்டு வணிகர் மகமை என்ற பெயரால் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கி, கோயிலும் கிணறும் பள்ளியும் கண்டனர். கிறிஸ்தவர்களிடையே இவ்வழக்கத்திற்குத் தசமபாகம் என்று பெயர். தசமம் என்றால் பத்தாவது. நூறு ரூபாய் வருவாயில் பத்து ரூபாய். பத்து மரக்கால் நெல்லில் ஒரு மரக்கால்.

இது எங்கே தோன்றியது? விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்திலேயே இதனைக் காண்கிறோம். போரில் வென்று திரும்பிய ஆபிரகாம், மெல்கிசேதேக் என்னும் அரசகுருவுக்குப் பத்தில் ஒன்று கொடுத்தார். பின்னர் மோசேயின் சட்டத்தில் அது விதியாயிற்று. இஸ்ரவேல் குலங்கள் பன்னிரண்டும் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டபோது, ஆலயப் பணிக்கு உரிய லேவியருக்குத் தனி நிலப்பகுதி அளிக்கப்படவில்லை. நிலமில்லாதவன் எதை உண்பான்? ஆகவே நிலமுடையோர் தம் விளைவில் பத்தில் ஒன்றை லேவியருக்குக் கொடுக்கவேண்டும் என்று எண்ணாகமம் வகுத்தது. பெற்ற லேவியரும் அதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்கவேண்டும். வாங்குகிறவனுக்கும் கொடுக்கும் கடமை உண்டு என்ற நுட்பத்தை இங்கே கவனியுங்கள்.

சட்டத்தில் வேறு சில நுட்பங்களும் உள்ளன. மந்தையைக் கோலின் கீழ் ஒவ்வொன்றாக நடத்தி எண்ணுவர்; பத்தாவதாக வரும் ஆடு கொழுத்ததாயினும் மெலிந்ததாயினும் அதுவே காணிக்கை. மெலிந்ததைத் தேடித் தள்ளிவிடும் மனித சுபாவத்தை அறிந்து செய்த ஏற்பாடு அது. தானியத்தைக் கொடாமல் மீட்டுக்கொள்ள விரும்புபவன், அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துச் செலுத்தவேண்டும். மூன்றாம் ஆண்டுதோறும் தசமபாகத்தை ஊருக்குள்ளேயே சேர்த்து வைத்து, லேவியரோடு அந்நியரும் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் உண்டு நிறைவுறச் செய்யவேண்டும் என்று உபாகமம் கூறுகிறது. ஆகவே, தொடக்கத்திலிருந்தே தசமபாகம் இரண்டு வாய்களுக்கு உணவாயிற்று. ஒன்று பணியாளருடையது, மற்றொன்று ஏழையுடையது.

இயேசுநாதர் இதனைப் பற்றி என்ன கூறினார்? தோட்டத்துக் கீரைவகையிலும் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் மறந்துவிட்டவர்களை அவர் கடிந்துகொண்டார். ஆயினும் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. செல்வர் பலர் காணிக்கைப் பெட்டியில் மிகுதியாகப் போட்ட வேளையில், இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஓர் ஏழை விதவையே எல்லாரினும் மிகுதியாகக் கொடுத்தாள் என்றார். அவளுக்கு அதுவே பிழைப்புக்கு இருந்த முழுப்பொருள். பின்வந்த பவுல் அடிகள், வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்குத் தக்கபடி ஒதுக்கி வைக்கும்படி கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். வருத்தத்தோடும் கட்டாயத்தினாலும் கொடுக்கவேண்டாம் என்றும் எழுதினார். இதனால்தான் பத்தில் ஒன்று கட்டளையா, அன்றி வழிகாட்டும் அளவா என்பதில் கிறிஸ்தவர்களிடையே இன்றும் இரு கருத்துகள் நிலவுகின்றன. சில சபைகள் அதனை உறுதியான கடமையாகக் கொள்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை, தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று கூறுகின்றதேயன்றிப் பத்தில் ஒன்று என்று அளவு விதிக்கவில்லை.

மனமுவந்து கொடுப்பது கட்டாய வரியாக மாறினால் என்ன நேரும்? இதற்கு ஐரோப்பிய வரலாறே விடை. 585-ஆம் ஆண்டில் மாக்கோன் நகரில் கூடிய ஆயர் பேரவை, தசமபாகம் கொடாதவரைச் சபைக்குப் புறம்பாக்கலாம் என்று விதித்தது. 779-இல் சார்லமேன் மன்னர் அதனை அரசாங்கச் சட்டமாக்கினார். இங்கிலாந்தில் உழவர் கொடுத்த கதிர்க்கட்டுகளைச் சேர்த்து வைக்கப் பெரிய களஞ்சியங்கள் எழுந்தன. அவற்றுட் சில இன்றும் நிற்கின்றன. வேறு சமயப் பிரிவினரும் அரசாங்கச் சபைக்குத் தசமபாகம் செலுத்தவேண்டியதாயிற்று. மறுத்த குவேக்கர் கூட்டத்தாரின் உடைமைகள் பறிக்கப்பட்டன. சிலர் சிறை புகுந்தனர். அயர்லாந்தில் கத்தோலிக்கக் குடியானவர், தாங்கள் கால்வைக்காத ஆங்கிலிக்கன் ஆலயத்திற்காகத் தண்டல் கட்ட மறுத்ததனால் 1830-களில் இரத்தமும் சிந்திற்று. பிரான்சு நாட்டில் 1789-ஆம் ஆண்டுப் புரட்சி தசமபாகத்தை ஒழித்தது. இங்கிலாந்தில் 1836-ஆம் ஆண்டுச் சட்டம் தானியத்தைப் பணமாக மாற்றிற்று. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பண வரியையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. காணிக்கை எனத் தொடங்கியது தண்டலாக மாறியபோது, களஞ்சியம் நிறைந்தது; ஆலயத்தின்மேல் மக்கள் கொண்ட அன்பு குறைந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ சபைகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், குருமாருக்கும் உபதேசியாருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் சம்பளம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. அந்நிலை எதிர்மாறான ஓர் இடரை விளைத்தது. அங்கே மக்கள் கட்டாயத்தால் கொடுத்தனர். இங்கே மக்கள் கொடுக்கவே தேவையின்றி இருந்தனர். 1841 முதல் 1872 வரை இலண்டனில் சர்ச் மிஷன் சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி வென் இந்த இடரை நன்கு உணர்ந்தார். ஒரு சபை தன்னைத் தானே தாங்கவும், தானே ஆளவும், தானே பரப்பவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. தாங்குதல் முதலாவதாக நிற்பதைப் பாருங்கள். அயலார் சம்பளம் கொடுத்தால், ஆளும் உரிமையும் அயலாரிடமே நிற்கும் அன்றோ?

இந்த உண்மையைச் செயலாக்கிக் காட்டியவருள் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற அவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பொருளால் அயலூருக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். அவர்களால் இயல்வது நம்மால் இயலாதா என்ற வினா அவரை வாட்டிற்று. மறு ஆண்டே, 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. திருநெல்வேலிக் கிறிஸ்தவரின் பணமும், ஆட்களும், நிர்வாகமுமே அதன் முதல். அச்சங்கம் அன்றைய நிஜாம் அரசின் தோர்ணக்கல் பகுதியில் பணி தொடங்கிற்று. 1912-இல் அசரியா அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் அவரே. அங்கிருந்த மக்களோ கூலியாகத் தானியம் பெறும் ஏழை உழவர். அவர்களிடம் கேட்பது தகுமா என்று தயங்கியோர் உண்டு. அசரியா தயங்கவில்லை. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்குமாறு பெண்களுக்குக் கற்பித்தார். அறுப்புக் காலத்தில் தானியமும் கோழியும் காணிக்கையாய் வந்தன. ஏழையைக் கொடுக்கவேண்டாம் என்று சொல்வது இரக்கம்போல் தோன்றும். உண்மையில் அது அவனை என்றும் வாங்குகிறவனாகவே நிறுத்திவிடும்.

பிடியரிசியின் ஆற்றல் தமிழ் நாட்டோடு நிற்கவில்லை. வடகிழக்கே மிசோரம் மலைகளில், 1910-ஆம் ஆண்டளவில் பெண்கள் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் தொடர்ந்து, சபையின் ஊழியத்திற்குப் பெரும் வருவாயாக விளங்குகின்றது. சமய எல்லையும் அதற்கு இல்லை. விருதுநகரில் வீடுதோறும் திரட்டிய பிடியரிசி வளர்த்த பள்ளியிலேதான் பெருந்தலைவர் காமராஜர் பயின்றார்.

நம் ஊர்ச் சபைகளில் காணிக்கை பல உருவில் வருகிறது. ஞாயிறுதோறும் பையில் இடுவது ஒன்று; மாதச் சந்தா ஒன்று; பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் இடும் ஸ்தோத்திரக் காணிக்கை ஒன்று. அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் பூசணியும் முட்டையும் கருப்பட்டியும் ஆலய முற்றத்தில் ஏலத்துக்கு வரும். சொற்ப விலை பெறும் எலுமிச்சை நூறு ரூபாய்க்கு ஏறுவதும் உண்டு. இவ்வாறு சேர்வது குருவானவர் சம்பளத்துக்கும், ஆலயப் பழுதுபார்ப்புக்கும், விளக்குக்கும், ஏழைகளின் நிதிக்கும், திருமண்டலத்துக்குச் செலுத்தும் பங்குக்கும் பகிரப்படுகிறது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். முதலாவது, காணிக்கை கடவுளோடு செய்யும் வாணிபமன்று. பத்து கொடுத்தால் நூறு வரும் என்று ஆசைகாட்டுவோர் உளர். அது வட்டிக்கடைப் பேச்சு. இரண்டாவது, கொடுத்த தொகையின் அளவால் சபையில் ஒருவரின் இருக்கையை அளக்கலாகாது. மூன்றாவது, வரவு செலவுக் கணக்கு சபையார் முன்பு வாசிக்கப்படவேண்டும். நான் அறிந்த ஒரு சபையில் சில ஆண்டுகள் கணக்கு வாசிக்கப்படவில்லை. ஒருவரும் சண்டையிடவில்லை, காணிக்கைப் பை மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. கணக்கை மறைக்கும்போது, கொடுத்தவன் தன் உடைமையினின்று வெளியேற்றப்படுகிறான்.

மீண்டும் அந்த மண்கலயத்திற்கு வருகிறேன். மழை பொய்த்த ஓர் ஆண்டில், எங்கள் வீட்டுப் பானையே பாதியாயிற்று. “இவ்வாண்டு மட்டும் நிறுத்தினால் என்ன?” என்றார் தந்தையார். தாயார் மறுமொழி சொல்லவில்லை. கைப்பிடி சற்றே சிறுத்தது, ஆனால் நிற்கவில்லை. எங்கள் தெருவில் பனையேறும் தொழிலாளி ஒருவர் மரத்தினின்று விழுந்து படுக்கையில் கிடந்தார். அவர் மனைவியும் நல்ல நாளில் தவறாமல் பிடியரிசி கொடுத்தவரே. ஒரு ஞாயிறு மாலை உபதேசியார் சபையில் சேர்ந்த அரிசியை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். பையைச் சுமந்து உடன் சென்றவன் நான். அந்த அம்மாள் கூனிக் குறுகுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நிமிர்ந்து நின்று, முறத்தை நீட்டி, “நம்ம கோயில் அரிசிதானே, போடுங்க ஐயா” என்றார்.

அன்று எனக்கு விளங்காத அச்சொல் இன்று விளங்குகிறது. அது பிச்சையன்று, அவரும் பங்கிட்டு வைத்த முதல். கொடுத்தவருக்கே ‘நம்முடையது’ என்று சொல்லும் உரிமை பிறக்கிறது. அந்த உரிமையைக் கட்டாய வரியும் தரவில்லை; கடல் கடந்து வந்த பணமும் தரவில்லை.

மாணவ மணிகளே, நீங்கள் எச்சமயத்தினராயினும் ஆகுக. கைச்செலவுக்குக் கிடைக்கும் நூறு ரூபாயில் பத்து ரூபாயை, செலவு தொடங்குமுன் தனியே எடுத்து வையுங்கள். மிஞ்சியதைக் கொடுப்போம் என்று காத்திருந்தால் ஒருநாளும் மிஞ்சாது. என் தாயார் கைப்பிடி அரிசியை எடுத்தது உலை கொதிக்கும் முன்னர். உண்டு முடித்த பின்னர் அன்று.