ரவைக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு தக்கை

செம்பனை இளங்கன்றுகளைக் காட்டுப் பன்றிகள் தோண்டிப் போடுவது கிள்ளான், பந்திங் வட்டாரத் தோட்டக்காரர்களுக்குப் பழகிப்போன தொல்லை. அதற்காக உரிமம் பெற்று, மலாயில் 'செனாப்பாங் பாத்தா' எனப்படும் மடக்குத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. சுட்டு முடித்ததும் காலிக் கூடு கையில் வந்து விழுகிறது. பார்த்தால் கூடு புதுசு போலவே இருக்கிறது. மறுபடி மருந்தும் ரவையும் போட்டு மூடிவிட்டால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்புதான். போதாக்குறைக்கு, அமெரிக்காவில் ஒருவர் தம் வீட்டு மேசையில் கோதுமை ரவையையும் சோள மாவையும் கொட்டித் தோட்டா நிரப்பும் காட்சியை இணையத்தில் பார்த்துவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையில் கிடைக்காத பொருளா இது?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் தெரியாத தடையை யாரும் மதிப்பதில்லை. எனவே முதலில் தோட்டாவுக்குள் எட்டிப் பார்ப்போம்.

கூட்டின் அடியில் பித்தளை. அதன் நடுவில் ஊசி தட்டியதும் பொறி கிளப்பும் சிறு மூடி. அதற்கு மேல் வெடிமருந்து. உச்சியில் ஈயக் குண்டுகள். இவற்றைத் தமிழில் ரவை என்றுதான் சொல்கிறோம், உப்புமா ரவைக்கும் அதே பெயர் என்பது வேடிக்கை. மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருப்பது தக்கை. தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் பயன்படுத்திய பழைய நாட்டுத் துப்பாக்கியில் தேங்காய் நாரே தக்கை. பிறகு கம்பளித் தக்கையும் அட்டையும் வந்தன. 1960களிலிருந்து கிண்ணம் போன்ற பிளாஸ்டிக் தக்கை பரவியது.

பார்ப்பதற்கு வெற்றிடத்தை அடைக்கும் பொருள் போலத் தெரியும் இந்தத் தக்கைக்குத்தான் வேலை அதிகம். மருந்து எரிந்து கிளம்பும் வாயு பக்கவாட்டில் கசியாமல் அடைக்க வேண்டும். ரவை மேல் விழும் முதல் அடியை மெத்தை போலத் தாங்க வேண்டும். கூட்டின் வாய் சரியாக மடிந்து மூடும் அளவுக்கு உயரத்தையும் நிரப்ப வேண்டும். பெரிய ரவை உள்ள தோட்டாக்கள் சிலவற்றில், குண்டுகள் ஒன்றோடொன்று மோதி நசுங்காதிருக்க, இடையிடையே பிளாஸ்டிக் பொடியைத் தூவுகிறார்கள். அமெரிக்கர் வீட்டு ரவையைத் தேடிப் போனது இந்தப் பொடிக்கு மாற்றாகத்தான்.

அழுத்தம் என்னும் கணக்கு

ஆபத்து தொடங்கும் இடமும் இதுவே. புகையில்லா வெடிமருந்துக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தம் கூடக் கூட அது வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் கூடும். முன்னால் இருக்கும் சுமை சற்றுக் கனத்தாலோ, இறுகினாலோ, இந்தச் சுழற்சி கைமீறிவிடும். 12 எண் துப்பாக்கியின் சாதாரணத் தோட்டாவுக்கு ஐரோப்பிய விதி வைத்திருக்கும் உச்சம் 740 பார். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் முந்நூறு மடங்குக்கும் மேல். அந்தக் குழாய் சுடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

அரிசி மாவு, ரவை, மரத்தூள் எல்லாம் ஈரம் இழுக்கும் பொருள்கள். கோலாலம்பூர் காற்றில் ஒரு மாதம் வைத்த மாவு எப்படிக் கட்டிபிடிக்கும் என்பது எந்த இல்லத்தரசிக்கும் தெரியும். தோட்டாவுக்குள் கட்டிபிடித்தால் அது பொடியல்ல, ஒரு கட்டை. தலையணைக்கு அடைக்கும் இலவம் பஞ்சு எளிதில் தீப்பற்றும். தேங்காய் நார் கனன்றுகொண்டே வெளியே விழுந்தால், வெயில் காலத்தில் காய்ந்த லாலான் புல்லுக்கு அது போதும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. நிரப்பியது தளர்வாக இருந்தால் அழுத்தம் ஏறாது, மருந்து பாதி எரியாமல் நிற்கும், தக்கை குழாய் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். வெடிச் சத்தம் 'புஸ்' என்று கேட்கும். சுட்டவர் தோட்டா சரியில்லை என்று அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழாய் பிளந்துவிடும். கடையில் வாங்கிய தோட்டாவிலும் அபூர்வமாக இப்படி நேர்வதுண்டு. சத்தம் குறைவாகக் கேட்டால், குழாயைப் பாதுகாப்பான திசையில் வைத்துச் சற்றுப் பொறுத்து, துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை எடுத்துவிட்டு, குழாய்க்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைத் தொடவே கூடாது.

வீட்டில் நிரப்பும் பழக்கம் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில்கூட, அனுபவசாலிகள் பொருளை மாற்றிப் போடுவதில்லை. கூடு, மருந்து, தக்கை, ரவை நான்கையும் சேர்த்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து வெளியிட்ட அட்டவணைப்படியே செய்வார்கள். சமையல் போல இங்கே கைப்பக்குவம் கிடையாது.

சட்டம் சொல்வது

மலேசியாவில் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக்கூடாது. வெடிமருந்தைத் தனியே வாங்கி வைப்பது 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வரும். காலிக் கூட்டில் மருந்தும் ரவையும் போட்டு மூடினால் உருவாவது ஒரு புதிய தோட்டாதான். பொழுதுபோக்கு என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்தக் கண்டிப்பின் வேர் அவசரகாலத்தில் இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத்துப் பெரியவர்கள் தோட்டா என்ற சொல்லையே தாழ்ந்த குரலில் சொன்ன காலம் அது. 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது உண்மை. ஆயுதக் குற்றங்களுக்கான நீண்ட சிறைத் தண்டனை அப்படியே இருக்கிறது.

அப்படியானால் தக்கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சுடுபவருக்கு இல்லையா என்றால், இருக்கிறது, அது கடையில். பெட்டியின் மேலேயே எந்தத் தக்கை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பிளாஸ்டிக் கிண்ணத் தக்கை ரவையைச் சிதறாமல் சற்றுத் தொலைவு கொண்டு செல்லும். ஆனால் சுடும் ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் துண்டு மண்ணில் விழும். மாடு மேயும் தோட்டமானால் நார்த் தக்கையே மேல்: மக்கிப்போகும், கிட்டத்தில் சுட ஏற்றது, ரவை கொஞ்சம் அகலமாகப் பரவும். எஃகு ரவைக்கு மட்டும் கனமான கிண்ணத் தக்கை தேவை, இல்லாவிட்டால் குழாய் கீறிப்போகும். டென்மார்க் 1996இலேயே ஈய ரவையைத் தடை செய்ததும், ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் சதுப்பு நிலங்களில் அதைத் தடுத்ததும் எஃகின் பக்கம் பலரைத் திருப்பியிருக்கின்றன. பழைய துப்பாக்கிகளில் எஃகைப் போடுமுன் துப்பாக்கிக் கடைக்காரரிடம் கேட்பது நல்லது.

தாத்தா காலத்துப் பெட்டியில் உப்பிப்போன அட்டைத் தோட்டாக்கள் சில வீடுகளில் இன்னும் கிடக்கலாம். மருந்தை எடுக்கலாம், ரவையைத் தூண்டில் ஈயமாக்கலாம் என்று அவற்றைப் பிளக்கவோ, காரில் போட்டுக் கொண்டு கிளம்பவோ வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும்.