ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு கடைக்குத் தீர்ப்பா?

"அந்தக் கடையா? அங்கே போகாதீங்க, சாப்பாடு நல்லாவே இருக்காது."

இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லாத மலேசியத் தமிழர் குறைவு. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். எப்போதோ ஒரு நாள் அங்கே சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாடு.

முன்பெல்லாம் வாழையிலைக் கடையில் வாடிக்கையாளரின் தீர்ப்பு இலையோடு முடிந்தது. திருப்தியாகச் சாப்பிட்டவர் இலையைத் தம் பக்கமாக மடித்து மூடிவிட்டு எழுந்தார். பிடிக்காதவர் முதலாளியிடம் இரண்டு வார்த்தை சொன்னார், அல்லது அடுத்த முறை வேறு கடைக்குப் போனார். இன்று கை கழுவுவதற்குள் கைப்பேசியில் இருந்து படம் போய்விடுகிறது. மாலைக்குள் அதை ஆயிரக்கணக்கானோர் பார்த்துவிடுகிறார்கள்.

தீர்ப்பின் பலம் இப்படிக் கூடிவிட்ட காலத்தில், தீர்ப்புச் சொல்லும் முறையும் சீராக வேண்டாமா? ஒரு சாதாரண உணவகத்தின் சுவை, கவனிப்பு, சுத்தம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், கடைக்காரருக்கும் அநீதி நேராது, சாப்பிடுகிறவரின் உடம்புக்கும் கேடு வராது.

எளிய பண்டமே அளவுகோல்

இங்கே பேசப்படுவது நட்சத்திர ஹோட்டல்கள் அல்ல. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மாமாக் கடை, பசியாறப் போகும் மூலைக்கடை ஆகியவைதான். இவற்றின் மதிப்பு சிறியதன்று. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றை மையமாகக் கொண்ட மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு அதற்கு முன்பே, 2020இல், அந்தப் பெருமையைப் பெற்றுவிட்டது.

புதிய கடைக்குப் போகிறவர்கள் பொதுவாக மீன்தலைக் கறியையோ நண்டுப் பிரட்டலையோ கேட்கிறார்கள். மசாலா தூக்கலாக இருக்கும் அந்தப் பண்டங்கள் பல குறைகளை மறைத்துவிடும். கடையின் கைப்பக்குவம் தெரிய வேண்டுமானால், ஒளிந்துகொள்ள இடமில்லாத பண்டத்தைக் கேட்க வேண்டும்.

வாழையிலைக் கடையில் அது சோறும் ரசமும். சோறு குழையாமல், விறைக்காமல், சூடாக வருகிறதா? ரசத்தில் மிளகும் சீரகமும் முன்னால் நிற்கின்றனவா, வெறும் புளியும் உப்பும்தானா? முட்டைக்கோஸ் பொரியல் நிறம் மாறாமல் இருக்கிறதா, காலையில் வெந்து மதியம்வரை ஆவியிலேயே கிடந்து பழுப்பேறிவிட்டதா? அப்பளத்தில் பழைய எண்ணெய் வாடை அடிக்கிறதா? இந்த நான்குக்கும் கிடைக்கும் பதிலில் பாதிக் கடை தெரிந்துவிடும்.

மாமாக் கடையில் வெறும் ரொட்டி சானாய் போதும். பிசைந்த மாவை எண்ணெய் தடவிப் பல மணி நேரம் ஊற வைத்தால்தான் வீசும்போது மெல்லியதாக விரியும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே அடுக்கடுக்காக மென்மை என்பதே நல்ல ரொட்டியின் அடையாளம். முன்கூட்டியே போட்டு அடுக்கி வைத்துச் சூடுகாட்டிக் கொடுத்த ரொட்டி, தோல் போல இழுபடும். தோசையில் மாவின் புளிப்பைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் மாவு விரைவாகப் பொங்கிவிடும். காலையில் சரியாக இருந்த மாவை மாலையிலும் அதே பதத்தில் வைத்திருப்பது எளிதல்ல. அதைச் செய்யும் கடைக்குத் தொழில் தெரிகிறது என்று பொருள். தேங்காய்ச் சட்னியையும் முகர்ந்து பார்ப்பது நல்லது. தட்டில் உள்ளவற்றில் முதலில் கெடுவது பெரும்பாலும் அதுதான்.

ஒரு முறை போதுமா?

கடைக்காரர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குக் கூட்டம் நெரியும்போது வந்து பார்த்துவிட்டு, "கவனிப்பு சரியில்லை" என்று எழுதிவிடுகிறார்கள் என்பது அவர்களின் குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கூட்டமில்லாத நேரத்தில் மட்டும் போய்விட்டுப் பாராட்டுவதும் அதே அளவு அரைகுறையானது.

உணவகங்களுக்குத் தரம் சொல்வதில் உலகப் புகழ் பெற்ற மிச்செலின் வழிகாட்டி, கோலாலம்பூரையும் பினாங்கையும் 2022 டிசம்பரில் முதன்முதலாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அதன் ஆய்வாளர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளாமல் வந்து, சாப்பாட்டுக்குத் தாங்களே பணம் கட்டுகிறார்கள். நட்சத்திரம் வழங்க அவர்கள் பார்க்கும் ஐந்து அம்சங்களில் ஒன்று, தரம் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பது. அலங்காரமும் உபசரிப்பும் அந்த நட்சத்திரக் கணக்கில் வருவதில்லை. இலவசச் சாப்பாட்டுக்குப் பாராட்டு எழுதும் பழக்கம் பெருகிவிட்ட இக்காலத்தில், சொந்தக் காசில் சாப்பிட்டுவிட்டுப் பேசும் வழக்கத்தைச் சாதாரண வாடிக்கையாளரும் பின்பற்றலாம்.

மூன்று முறை என்பது நியாயமான கணக்கு. கூட்ட நேரத்தில் ஒரு முறை, காலையிலோ இரவிலோ ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிவாக்கில் ஒரு முறை. இந்தப் பிற்பகல் வருகைதான் மிகவும் முக்கியம். மதியக் கூட்டம் கலைந்த பிறகு, தட்டங்களில் மிஞ்சிய கறியையும் மீனையும் கடை என்ன செய்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

சமைத்த உணவை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவோ, 5 பாகைக்குக் கீழ் குளிராகவோ வைத்திருக்க வேண்டும், சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோறுகூட இதற்கு விலக்கல்ல. அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. ஆறிய சோற்றில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கினால், மறுபடி சூடாக்குவதால் அந்த நஞ்சு போகாது. வெதுவெதுப்பான குழம்பு சுவைக் குறை மட்டுமல்ல, உடல்நலக் குறையும்கூட.

கவனிப்பு என்றால் என்ன?

இரண்டு வெள்ளி ரொட்டிக்கு யாரும் வணங்கி வரவேற்க வேண்டியதில்லை. மேசையைத் துடைப்பது, கேட்டதைக் கொண்டுவருவது, வாடிக்கையாளர் கை தூக்கினால் திரும்பிப் பார்ப்பது ஆகிய மூன்றும் நடந்தால் போதும். வாழையிலைக் கடைகளில் சோறும் காய்கறியும் ரசமும் மறுபடி கேட்டால் கூடுதல் காசில்லாமல் பரிமாறுவது வழக்கம். முகம் சுளிக்காமல், கூப்பிடும் முன்பே வாளியோடு வந்து "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா, ஐயா?" என்று கேட்கும் பரிமாறுபவர் அந்தக் கடையின் சொத்து.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. "தே கூராங் மானிஸ்" என்று கேட்டுப் பார்க்கலாம். சீனி குறைத்த தேநீர் வருகிறதா, வழக்கமான தித்திப்பே வருகிறதா? இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. வாடிக்கையாளர் சொன்னது மேசையில் இருந்து அடுப்படிவரை பிசகாமல் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கவனிப்பின் உண்மையான அளவு.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். புதிய அந்நியத் தொழிலாளர் ஒதுக்கீட்டை அரசாங்கம் 2023 மார்ச்சில் நிறுத்தி வைத்தது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. தொழிலாளிக்கு அது நியாயமான உயர்வு. சிறு கடை முதலாளிக்கு அது கூடுதல் சுமை. நான்கு பேர் செய்யும் வேலையை இரண்டு பேர் செய்யும் கடையில் சாப்பாடு தாமதமாகலாம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அலட்சியத்தைப் பொறுக்க வேண்டியதில்லை. "கொஞ்சம் நேரமாகும் அக்கா, பொறுத்துக்குங்க" என்ற ஒரு வார்த்தை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிவிடும்.

சுத்தம் ருசியைப் பொறுத்ததல்ல

உப்பு கூடுதல், காரம் குறைவு என்பதெல்லாம் நாக்குக்கு நாக்கு மாறும். சுத்தம் அப்படியல்ல, அது சட்டம். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி, உணவைக் கையாளுவோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசியும் முடித்திருக்க வேண்டும். தலையை மூட வேண்டும், மேலங்கி அணிய வேண்டும். சுத்தமில்லாத உணவகத்தை 14 நாள்வரை மூட 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் அதிகாரம் தருகிறது. உணவகங்களில் புகைபிடிக்கும் தடை 2019 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது.

வாடிக்கையாளர் சமையலறைக்குள் போக முடியாது. ஆனால் கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, மேசை துடைக்கும் துணி என்ன நிறத்தில் இருக்கிறது, காசு வாங்கிய கை அப்படியே வடையை எடுக்கிறதா, கழிப்பறை எப்படி இருக்கிறது என்பதை எல்லாரும் பார்க்கலாம். முன்னால் இப்படி என்றால் பின்னால் எப்படி என்று ஊகிப்பது கடினமல்ல.

2018ஆம் ஆண்டு மே மாதம், பங்சாரில் ஓர் உணவகத்தின் பணியாளர்கள் பின்சந்தில் தேங்கிய நீரில் தட்டுகளைக் கழுவும் காணொளி நாடெங்கும் பரவியது. அந்தக் கடையை மூட அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். அந்தப் படம் பலருடைய உடல்நலத்தைக் காத்தது என்றே சொல்ல வேண்டும். அதே கைப்பேசியைக் கொண்டு, "குழம்பில் உப்பு அதிகம்" என்று கடையின் பெயரோடும் பணியாளரின் முகத்தோடும் படம் போடுவதை இதனோடு ஒப்பிட முடியாது. ஒன்று பொதுநலம். மற்றொன்று, திருத்திக்கொள்ள வாய்ப்பே கொடுக்காமல் ஒரு குடும்பத்தின் பிழைப்பில் கை வைப்பது.

பில்லைப் படிக்க வேண்டும்

சண்டை பெரும்பாலும் மூளுவது காசு கட்டும் இடத்தில். எடை பார்த்து விற்கும் இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் விலையைச் சாப்பிடும் முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கடைகள் விலையைக் காட்டி வைக்க வேண்டியது சட்டப்படியான கடமை.

பில்லில் வரும் இரண்டு வரிகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆறு விழுக்காட்டுச் சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டி, சுங்கத்துறையில் பதிவு பெற்ற உணவகங்களே அதை வசூலிக்க முடியும். 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு இந்த வரி எட்டு விழுக்காடாக உயர்ந்தபோதும், உணவுக்கும் பானத்துக்கும் ஆறாகவே விடப்பட்டது. பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் என்பது வேறு. அது வரியே அல்ல, கடை தானே விதிப்பது. அப்படி வாங்கும் கடையில், கவனிப்பைப் பற்றிக் கேள்வி கேட்க வாடிக்கையாளருக்குக் கூடுதல் உரிமை உண்டு.

எந்தக் குறையை எங்கே சொல்வது?

சுவைக் குறையையும் கவனிப்புக் குறையையும் முதலில் முதலாளியிடமோ மேற்பார்வையாளரிடமோ சொல்ல வேண்டும். அதுவும் சாப்பாடு மேசையில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். "அண்ணே, இந்த மீன் சரியில்லை, பாருங்க" என்றால் நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார். அவர் அதற்கு எப்படிப் பதில் சொல்கிறார் என்பதே அந்தக் கடையைப் பற்றிய மிகச் சிறந்த சான்று.

சுத்தக் குறையைக் கடையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ நாள், நேரம், படத்தோடு தெரிவிக்க வேண்டும். சாப்பிட்டபின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் மருத்துவரிடம் போவதும், எங்கே என்ன சாப்பிட்டோம் என்பதை அவரிடம் சொல்வதும் அவசியம். அந்தத் தகவல் அடுத்தவரையும் காக்கலாம்.

விலைக் குறை உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு உரியது. விருந்துச் சாப்பாட்டுக்கு முன்பணம் வாங்கிவிட்டு ஏமாற்றுவது போன்ற பெரிய இழப்பு என்றால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளிவரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே கொண்டுபோகலாம்.

இத்தனையும் குறை சொல்வதற்கான வழி. நிறை சொல்வதற்கு எந்த அலுவலகமும் தேவையில்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து மாவு பிசைகிறவருக்கும், பத்து மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்கிறவருக்கும் "இன்றைக்கு ரசம் அருமை, தம்பி" என்ற சொல் சம்பளத்தோடு சேராத சம்பளம். குறையைச் சொல்லும் வாய் நிறையையும் சொல்லப் பழகினால், அந்த வாயிலிருந்து வரும் குறைக்கும் கடைக்காரர் மதிப்புக் கொடுப்பார். அடுத்த முறை இலை போடும்போது அந்த மதிப்பு சோற்றிலேயே தெரியும்.