பேரனுக்கு ஒரு டோக்கன் கருவி

நாக்பூரில் வசிக்கும் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு வயது 20. ஆட்டிசம் உள்ளவன். அழகாகப் படம் வரைவான். ஆனால் "குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு" என்றால் அப்படியே நின்றுவிடுவான். நமக்கு அது ஒரு வேலை, அவனுக்கோ பதினைந்து. எதில் தொடங்குவது என்பதே சிக்கல். ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாடு உள்ளவர்கள் பலருக்கும் இத்தொல்லை உண்டு. இதைச் சோம்பல் என்பது அறியாமை.

சென்ற ஆண்டு மாப்பிள்ளையும் நானும் பேரனும் சேர்ந்து அவனது செல்பேசியில் ஓர் உதவியாளரை அமைத்தோம். ஒரு வேலையைச் சொன்னால் செயற்கை நுண்ணறிவு அதைச் சிறு படிகளாகப் பிரித்துத் தரும். 'காப்ளின் டூல்ஸ்' என்ற செயலியும் இதைச் செய்கிறது. நாங்கள் சேர்த்தது ரயில்வேயின் டோக்கன் முறை. ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி அடுத்த நிலையம் சேர்ந்து, டோக்கன் அங்குள்ள கருவிக்குள் போன பிறகே அடுத்த வண்டிக்கு டோக்கன் கிடைக்கும். அதுபோல், திரையில் ஒரு படி மட்டுமே தோன்றும். "முடித்தேன்" என்று அவன் தொட்டால்தான் அடுத்தது வரும். தாமதித்தால் அதட்டாது, அதே சொற்களில் மறுபடி கேட்கும். சொல் மாறினால் அவனுக்கு அது வேறு வேலை.

முதலில் கருவி மேடைத் தமிழ் பேசியது. வீட்டில் அவன் கேட்கும் தமிழில் படிகளை என் மகள் திருத்தினாள். மருந்து வேளையையும் பேருந்து நேரத்தையும் இயந்திரத்திடம் விடவில்லை. அது தவறானதையும் உறுதியாகச் சொல்லும். பழுதானால் சிக்னல் சிவப்பில் நிற்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பாடம். ஆகவே அவ்விரண்டும் நாங்களே எழுதிவைத்த பட்டியலிலிருந்து மட்டும் வரும்.

பெரிய விவாதம் வேறொன்றில் எழுந்தது. அவன் தொடும் ஒவ்வொரு படியும் தன் செல்பேசிக்கும் தெரிய வேண்டும் என்றாள் மகள். தாயின் அச்சம் நியாயமானது. பேரனோ, "அம்மா பார்த்தா எனக்கு வேண்டாம்" என்று கருவியை மூடிவைத்துவிட்டான். நான்கு நாள் தொடவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டத்தின் முன் பிறரோடு சமமான தகுதி உண்டு என்கிறது 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம். அச்சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. முடிவில் அவன் சொன்னபடியே செய்தோம். அவனே "உதவி" என்று தொட்டால் மட்டும் தாய்க்கு அழைப்பு போகும்.

இப்போது வாரம் நான்கு நாள் தொழிற்பயிற்சிக்குத் தனியாகப் பேருந்தில் போகிறான். சில நாள் எந்தப் படியும் நகராது, அன்று விடுமுறை.

"எங்களுக்குப் பிறகு இவன் கதி?" என்று இத்தகைய பெற்றோர் கேட்பது வழக்கம். அதற்கு ஒரு கருவி முழு விடையாகாது. எனினும் நம் சங்கத்தில் கணினி கற்ற இளைஞர்கள் பலர் உண்டு. இப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டில் அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முதலில் அந்தப் பிள்ளையிடம் கேட்கட்டும்: உனக்கு என்ன வேண்டும்?