கிளிஞ்சல் போட்டும் ஓடு மெலிவது ஏன்?

சித்திரை பிறந்தால் நாமக்கல், ராசிபுரம், சேலம் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் ஒரே புலம்பல்தான்: ‘கிளிஞ்சலைக் கூட்டிப் போட்டும் உடைசல் குறையவில்லையே!’ உடைசல் முட்டையை வந்த விலைக்குத்தான் தள்ள வேண்டும்.

முட்டை ஓட்டில் 100-க்குச் சுமார் 94 பங்கு கால்சியம் கார்பனேட். கால்சியம் தீவனத்திலிருந்து வருகிறது. கார்பனேட், கோழியின் ரத்தத்திலுள்ள கரியமில வாயுவிலிருந்து வருகிறது. கோடையில் இந்த இரண்டாவது சரக்கும் குறைந்துபோகிறது.

கோலி சோடாவை நினைத்துப் பாருங்கள். மூடியிருக்கும்வரை வாயு தண்ணீரில் கரைவதும் வெளியேறுவதும் ஒரே வேகத்தில் நடக்கும். வெளியே எதுவும் தெரியாது. இதுதான் வேதியியல் சமநிலை. கோலியைத் தட்டினால் அழுத்தம் குறையும். வாயு பொங்கி வெளியேறும். சமநிலையில் எதைக் குறைத்தாலும், அதை ஈடுகட்டும் பக்கமே வினை சாயும். இந்த விதியை 1884-ல் சொன்னவர் பிரெஞ்சு விஞ்ஞானி லெ ஷாட்லியே.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறும். அதை ஈடுகட்ட ரத்தத்திலுள்ள பைகார்பனேட் மறுபடியும் வாயுவாக மாறும். ஓட்டுக்குச் சேர வேண்டியது மூச்சுக்காற்றில் போய்விடுகிறது. ரத்தத்தில் காரத்தன்மை கூடுவதால், ஓட்டுக்குப் பயன்படும் கால்சியமும் குறையும். போதாததற்குக் கோழி தீவனமும் சரியாக எடுக்காது.

1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள், வெப்பத்தில் தவித்த கோழிகளுக்கு வாயு கலந்த சோடாத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஓட்டின் தரம் தேறியது. இழந்த வாயுவைத் திருப்பிக் கொடுத்ததும் சமநிலை மறுபக்கம் சாய்ந்ததே காரணம்.

நாம் சோடா வாங்கி ஊற்ற வேண்டியதில்லை. செய்ய வேண்டியவை இவைதான்:

* முதல் வேலை, இளைப்பைக் குறைப்பது. கூரைமேல் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். குடிநீர்த் தொட்டியும் குழாயும் வெயிலில் காயக் கூடாது.

* தீவனத்தை அதிகாலையிலும் மாலையிலும் கொடுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டுகிறது. அதனால் கிளிஞ்சலைப் பொடியாக்காமல், குருணையாக மாலையில் போடுங்கள். இரவெல்லாம் மெதுவாகக் கரைந்து உதவும்.

* ஆப்பசோடா என்கிற சோடியம் பைகார்பனேட்டைத் தீவனத்தில் சேர்ப்பதும் உண்டு. அப்போது உப்பைக் குறைக்காவிட்டால் எச்சம் தண்ணீராகப் போகும். அளவை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ கேட்டுச் சேருங்கள்.

கிளிஞ்சலுக்குச் செலவழிக்கும் முன், நண்பகலில் கொட்டகைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோழிகள் வாயைத் திறந்து நின்றால், குறை தீவனத்தில் மட்டும் இல்லை.