நிகர லாபம் கூடினால் போதுமா? புதிய முதலீட்டாளருக்கு நாமக்கல் கணக்கு

காலாண்டு முடிவு வெளியானதும் பங்குச் சந்தைக்குப் புதிதாக வந்தவர் முதலில் தேடுவது நிகர லாபத்தைத்தான். போன வருடத்தைவிடக் கூடியிருந்தால் நல்ல கம்பெனி என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த லாபம் எந்த வழியில் வந்தது, எவ்வளவு கடனைச் சுமந்து வந்தது என்று கேட்பதில்லை. உழைத்துச் சேர்த்த காசைப் போடுகிறவர் அவசியம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

பண்ணையில் தொடங்குவோம்

கணக்குக்காக ஒரு முட்டைக் கோழிப்பண்ணை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20 லட்சம் முட்டை, ஒன்று 5 ரூபாய். விற்பனை 1 கோடி. தீவனத்துக்கு 70 லட்சம், கூலி, மருந்து, மின்சாரத்துக்கு 15 லட்சம் போக மிஞ்சுவது 15 லட்சம். இது செயல்பாட்டு லாபம். சந்தையில் ‘எபிட்டா’ என்பார்கள். கொட்டகை, கூண்டுகளின் தேய்மானம் 3 லட்சம், வங்கி வட்டி 4 லட்சம், வரி 2 லட்சம் கழித்தால் நிகர லாபம் 6 லட்சம். விற்பனையில் 6 சதவீதம். இதுதான் நிகர லாப விகிதம்.

இந்தப் பண்ணையில் உரிமையாளர் போட்ட முதல் 30 லட்சம், கடன் 50 லட்சம் என்க. சொந்த முதலுக்குக் கிடைத்த ஈட்டம், அதாவது ஆர்.ஓ.இ., 20 சதவீதம். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபமான 12 லட்சத்தை மொத்த முதலான 80 லட்சத்தோடு ஒப்பிட்டால் ஆர்.ஓ.சி.இ. 15 சதவீதம்.

இதே பண்ணையைக் கடனே வாங்காமல் கட்டியிருந்தால் வட்டி இல்லை. வரி 3 லட்சம் போக நிகர லாபம் 9 லட்சம். ஆனால் ஆர்.ஓ.இ. 11.25 சதவீதமாக இறங்கிவிடும். ஆர்.ஓ.சி.இ. அதே 15. லாபம் அதிகமுள்ள பண்ணை ஒரு விகிதத்தில் பின்தங்கித் தெரிகிறது; காரணம் கடன் மட்டுமே.

முட்டை விலை இறங்கினால் என்ன ஆகும்? நாமக்கல் மண்டல முட்டை விலையை அறிவிப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. ஆண்டுச் சராசரி 40 காசு குறைந்தால் வருமானத்தில் 8 லட்சம் போய்விடும். கடன்பட்ட பண்ணையின் லாபம் பூஜ்ஜியம். கடனில்லாப் பண்ணைக்கு வரிக்கு முன் 4 லட்சம் நிற்கும். ஆர்.ஓ.இ. அதிகமாக இருந்தால் கடன் எவ்வளவு என்று பக்கத்திலேயே பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பள்ளிபாளையத்தின் இரு ஆலைகள்

நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் சேஷசாயி காகித ஆலையும், ஓடப்பள்ளியில் பொன்னி சுகர்ஸ் (ஈரோடு) ஆலையும் இயங்குகின்றன. இரண்டும் பங்குச் சந்தையில் பட்டியலானவை; ஒன்றின் பங்கை மற்றொன்று வைத்திருக்கிறது. எனவே பொன்னி சுகர்ஸின் லாபத்தைப் படிப்பவர் ‘இதர வருமானம்’ என்ற வரியைத் தாண்டிப் போகக் கூடாது. காகித ஆலை தரும் டிவிடெண்ட் அங்கேதான் சேர்கிறது. சர்க்கரை விற்றுக் கிடைத்த லாபம் வேறு, பங்கு வைத்திருப்பதால் கிடைத்த வருமானம் வேறு.

சர்க்கரைத் தொழிலின் லாப விகிதம் ஆலை நிர்வாகத்தின் கையில் மட்டும் இல்லை. மத்திய அரசின் கரும்புக் கொள்முதல் விலை 2018-19 பருவத்தில் குவிண்டாலுக்கு 275 ரூபாய்; 2025-26 பருவத்துக்கு, 10.25 சதவீதச் சர்க்கரைப் பிழிதிறனுக்கு, 355 ரூபாய். மேட்டூர் அணையில் தண்ணீர் குறைந்து கரும்பு வரத்துச் சுருங்கினாலும் ஆலையின் நிலையான செலவுகள் குறைவதில்லை. ஆகவே ஒரு சர்க்கரை ஆலையை இன்னொரு சர்க்கரை ஆலையோடுதான் ஒப்பிட வேண்டும். அரவைப் பருவம் உள்ள தொழில் என்பதால், ஒரு காலாண்டை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுவதே சரி.

காகிதமும் ஏற்ற இறக்கம் உள்ள தொழில். 2022-23இல் விலை உச்சத்தில் இருந்தபோது நாட்டின் காகித ஆலைகள் பலவும் பெரும் லாபம் காட்டின. பிறகு இறக்குமதி பெருகி விலை இறங்க, லாபமும் சுருங்கியது. உச்ச வருடத்தின் லாபத்தை நிரந்தரம் என்று நம்பிப் பங்கு வாங்கியவர் அதிக விலை கொடுத்திருப்பார். ஐந்து முதல் பத்து ஆண்டுச் சராசரியைப் பார்ப்பதே பாதுகாப்பு.

கைக்கு வந்த பணம்

1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்த 14 நாளில் விவசாயிக்குப் பணம் தர வேண்டும். சர்க்கரையோ வருடம் முழுவதும், மத்திய அரசின் மாதாந்திர ஒதுக்கீட்டின்படி விற்பனையாகிறது. இடைப்பட்ட காலத்தில் பணம் கிடங்கில் சரக்காகக் கிடக்கும். அதனால் லாப நட்டக் கணக்கோடு ரொக்கப் புழக்க அறிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தொழிலால் கைக்கு வந்த ரொக்கம் பல ஆண்டுகளாக நிகர லாபத்தைவிடக் குறைந்தே இருந்தால், பணம் சரக்கிலோ வசூலாகாத பாக்கியிலோ முடங்கியிருக்கிறதா என்று தேடுங்கள்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி காலாண்டு முடிவுகள் 45 நாட்களுக்குள், ஆண்டு முடிவுகள் 60 நாட்களுக்குள் வெளிவர வேண்டும். பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். செயல்பாட்டு லாபம், இதர வருமானம், வட்டி, நிகர லாபம், கடன், ரொக்கம் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தீவன விலையையும் முட்டை விலையையும் மனக்கணக்காகவே போட்டுப் பழகிய ஊர் நாமக்கல். அந்தக் கணக்கறிவு பங்கு வாங்கும்போதும் கூட இருக்க வேண்டும். அது இருந்தால் யாரோ அனுப்பும் ‘டிப்ஸ்’ செய்தியை நம்பிப் பணம் போடத் தேவையிருக்காது.